தண்ணீர் துப்பும் சிங்கத்தைப் பார்க்கப் போகலாமா?



சென்ற மாதம் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று, லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறார். இவர் உரம் போடும் வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் மூவர்: 14, 11, 8 வயது. கடைக்குட்டியின் பாடப்புத்தகத்திலோ கூட்டாளியின் கைப்பேசியிலோ சிங்கப்பூர் மெர்லயன் படத்தைப் பார்த்துவிட்டானாம். அன்றிலிருந்து, “அம்மா, தண்ணி துப்புற சிங்கத்தைப் பார்க்கப் போவோம்” என்று ஒரே பாட்டு. மூத்த இரண்டும் இப்போது பின்பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டன.

“டீச்சர், கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. அந்தச் சிங்கம் இவ்வளவு செலவுக்குத் தகுமா? நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூசி மெழுகாமல் சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார்.

பூசி மெழுகாமலே சொல்கிறேன். ஆனால், கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும், சகோதரி. ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை இது.

முதலில் அந்தச் சிங்கத்தின் கதையைக் கேளுங்கள். தலை சிங்கம், உடல் மீன். ஸ்ரீவிஜயத்து இளவரசர் சாங் நீல உத்தமா, துமாசிக் என்ற இந்தத் தீவில் இறங்கியபோது ஒரு சிங்கத்தைக் கண்டார் என்றும், அதனால் சிங்கபுரம் என்று பெயர் வைத்தார் என்றும் மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. நம் ஜொகூர்க் காட்டிலாகட்டும், அந்தத் தீவிலாகட்டும், சிங்கம் என்றைக்கும் வாழ்ந்ததில்லை. இளவரசர் பார்த்தது புலியாக இருந்திருக்கலாம். அதுதான் போகட்டும். சிங்கத் தலை அந்தக் கதைக்காக, மீன் உடல் பழைய கடற்கரை ஊருக்காக.

ஆயினும் இந்த உருவம் ஏதோ ஆதிகாலத்துத் தெய்வச் சிலை என்று நினைத்துவிடாதீர்கள். 1964-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு ஒரு சின்னம் வேண்டியிருந்தது. அப்போது வரையப்பட்டது இது. வரைந்தவர் ஃபிரேசர் புரூனர் என்ற வெள்ளைக்காரர். அவர் மீன் காட்சிசாலை ஒன்றின் பொறுப்பாளர். மீன்களோடு பழகியவர் சிங்கத்துக்கும் செதில் வைத்ததில் வியப்பில்லை. சிலையைச் செய்தவர் லிம் நாங் செங் என்ற சிற்பி. 1972 செப்டம்பர் 15-ஆம் நாள், அன்றைய பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் அதைத் திறந்து வைத்தார். பிறகு ஆற்று வாயில் 1997-இல் எஸ்பிளனேட் பாலம் வந்து சிலையை மறைத்துவிட்டது. அதனால் 2002-இல் சிலையைப் பெயர்த்து, ஏறத்தாழ 120 மீட்டர் தள்ளி இப்போதிருக்கும் இடத்தில் வைத்தார்கள்.

உயரம் 8.6 மீட்டர். எடை 70 டன். எடையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். உயரத்தைக் கேட்டால் உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். மறு நடவுக்கு வெட்டப்போகும் நம் கிழட்டுச் செம்பனைகள் இதைவிட உயரம். நீளத் தடியில் அரிவாள் கட்டி அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்தவருக்கு, அந்தச் சிங்கத்தைப் பார்க்கக் கழுத்தைத் தூக்க வேண்டிய அவசியமே இராது.

நான் முதன்முதலில் அதைப் பார்த்தது 1989-இல். எனக்கு ஒன்பது வயது. அப்பா பால் மரம் வெட்டியவர். எங்கள் வீட்டுச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி ஒன்று தொங்கும். அதில் இந்தச் சிங்கம் வானத்தையே தொடுவது போல நிற்கும். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து நானும் இப்படித்தான் அடம்பிடித்தேன். தீபாவளிக்கு முந்திய போனஸ் பணத்தில் அப்பா எங்களை அழைத்துப் போனார். விடிகாலை மூன்று மணிக்கு அம்மா புளிச்சோறு கட்டியது இன்றும் மூக்கில் மணக்கிறது. பஸ் மாறி பஸ் மாறி, வரிசையில் நின்று, கேட்டுக் கேட்டு நடந்து, கடைசியில் போய் நின்றால்... அப்பா சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சிலையைப் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?”

அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. ஆற்றைத் தாண்டிப் புல் தரையில் உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். வீடு திரும்பினோம். அந்தப் புல் தரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். சிங்கத்தைப் பார்க்கக் கட்டணம் ஏதும் இல்லை. பகல், இரவு எப்போதும் திறந்த வெளி. செலவெல்லாம் போய்ச் சேருவதில்தான். அதிலும் பெரிய செலவு பஸ் கட்டணமோ சாப்பாடோ அல்ல, கடப்பிதழ். பெரியவர்களுக்கு 200 வெள்ளி, 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 100 வெள்ளி. உங்கள் வீட்டில் 14 வயதுப் பையனுக்கும் பெரியவர் கட்டணந்தான். ஆக மூன்று இருநூறு, இரண்டு நூறு. மொத்தம் 800 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் ஒருவர் சம்பளத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவான தொகை, பயணம் தொடங்கும் முன்பே போய்விடுகிறது. அப்புறம் அங்கே போனால் அவர்கள் ஒரு வெள்ளி நமக்கு மூன்று வெள்ளிக்கும் மேல். ஒரு தட்டுச் சோற்றின் விலையை நம் காசுக்குப் பெருக்கிப் பார்த்தால் சோறு இறங்காது.

ஆகவே, வெறும் சிங்கத்துக்காக என்றால் என் பதில்: வேண்டாம், சகோதரி. பத்து நிமிடம் பார்க்கலாம். பிள்ளைகள் வாயைத் திறந்து, அது துப்பும் தண்ணீரைக் குடிப்பது போலப் படம் எடுத்துக்கொள்வார்கள். என் மகளும் எடுத்தாள். எல்லாரும் எடுக்கிறார்கள். எதிரே விரிந்த நீர்ப்பரப்பு, உயர்ந்த கட்டடங்கள், காற்று. அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால், 800 வெள்ளிக்கு அந்தப் பத்து நிமிடம் போதாது.

என்றாலும், “போகாதீர்கள்” என்று எழுதிக் கடிதத்தை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் எங்கள் தோட்டத்தில் இருக்கும் ஒரு பாட்டி.

பாட்டிக்குத் தொண்ணூறு வயது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பழைய லயத்தில் பேத்தியோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், நினைவு கத்தி. மூன்று ஆண்டுகளுக்கு முன், நான் மகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் போகப்போவதைப் பேத்தி சொல்லியிருக்கிறாள். மாலையில் பாட்டி ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

“டீச்சரம்மா, அங்க நேதாஜி கல்லு வச்ச எடம் இருக்காமே. நீ பார்த்திருக்கியா?”

எனக்கு உண்மையில் தெரியாது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவள், தெரியவில்லை என்று சொல்லத் தலைகுனிவாக இருந்தது. “தெரியலையே பாட்டி” என்றேன். அப்போதுதான் சொன்னார்.

ஜப்பான்காரன் காலத்தில் பாட்டிக்கு எட்டு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பத்தொன்பது. பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். தோட்டத்துக்குக் கூட்டம் போட ஆட்கள் வந்தார்கள். பாட்டியின் அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணன் தம்மையே கொடுத்தார். “சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடிச்சிட்டுப் போயிடுவான்னு பயம் ஒரு பக்கம். அதுக்குத் துப்பாக்கி தூக்கிட்டு மானமா சாகலாம்னு சொல்லிட்டுப் போச்சு” என்றார் பாட்டி. வடக்கே ரயிலேறினார். பர்மா என்று சேதி வந்தது. அதற்கப்புறம் எந்தச் சேதியும் வரவில்லை. புதைத்த இடமும் இல்லை, எரித்த இடமும் இல்லை. ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்குப் பாட்டி ஓர் இலை போடுகிறார். செத்த நாள் தெரியாதவருக்கு அதுதானே வழி!

நேயர்களே, நம்மில் இளையவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 5-ஆம் நாள், பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். “டில்லி சலோ” என்ற முழக்கம் கிளம்பியது அங்கேதான். அதே ஆண்டு அக்டோபர் 21-இல் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். பெண்களுக்கென்று ஜான்சி ராணிப் படையும் எழுந்தது. தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்த டாக்டர் லட்சுமி. அதில் சேர்ந்தவர்களில் பலர் யார் தெரியுமா? மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வாளி தூக்கிய நம் வீட்டுப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலை 8-ஆம் நாள், அந்தப் படையில் பெயர் தெரியாமல் மாண்ட வீரர்களுக்காக ஒரு நினைவுச் சின்னத்துக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். இடம், சிங்கப்பூர்க் கடற்கரை ஓரம், எஸ்பிளனேட். இரண்டு மாதம்கூட அது நிலைக்கவில்லை. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள், மவுண்ட்பேட்டன் கட்டளைப்படி அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். செத்துப்போன கூலிக்காரப் பிள்ளைகளுக்கு வைத்த கல்லுக்குக்கூட ஒரு சாம்ராஜ்யம் பயந்திருக்கிறது!

ஐம்பது ஆண்டு அந்த இடம் வெறும் புல்லாகக் கிடந்தது. 1995-இல்தான் சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகம் அங்கே ஓர் அடையாளச் சின்னம் வைத்தது. இப்போது புரிகிறதா, நாங்கள் புளிச்சோறு தின்ற புல் தரை எதுவென்று? 1989-இல் அங்கே அடையாளம் ஏதும் இல்லை. “இம்புட்டுத்தானா” என்று சிங்கத்தைப் பார்த்து ஏமாந்த அப்பாவுக்கு, தாம் உட்கார்ந்திருந்த பூங்காவில் என்ன இருந்தது, என்ன அழிந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை. நான்தான் அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

பாட்டியிடம், “நீங்களும் வாருங்களேன், நான் கையைப் பிடித்துக்கொண்டு போகிறேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. பாட்டியிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் மரம் வெட்டி, ஐந்து பிள்ளை பெற்று, இரண்டு பிள்ளையைப் புதைத்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை கிடைக்கவில்லை. எத்தனையோ முறை மனுப்போட்டு அலைந்து ஓய்ந்துவிட்டார். மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே. 1967-க்கு முன்னால் பாலத்தைத் தாண்டக் கடப்பிதழ்ச் சோதனை கிடையாது. “சின்னப் பொண்ணா இருந்தப்ப ரெண்டு தரம் போயிருக்கேன். யாரும் ஒண்ணும் கேட்கல” என்கிறார் பாட்டி. இப்போது ஜொகூர் பாருவில் கரையோரம் நின்று எதிர்க்கரையைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

“நீ பார்த்துட்டு வந்து சொல்லு, போதும்” என்றார்.

அதனால் சகோதரி, நான் அந்த முறை சிங்கத்துக்காகப் போகவில்லை. மகள் சிங்கத்துக்காக வந்தாள், நான் பாட்டிக்காகப் போனேன். அந்த ஒரே நடையில் இரண்டும் முடிந்தன. அந்த வழியைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

லார்க்கினில் பஸ் ஏறினால் குவீன் ஸ்திரீட்டில் கொண்டுபோய் இறக்குகிற பஸ்கள் இருக்கின்றன. அங்கிருந்து ரயிலேறாமல் நடந்து போங்கள். காசும் மிச்சம், கண்ணுக்கும் விருந்து. குவீன் ஸ்திரீட்டுக்கு இணையாக ஓடுவது வாட்டர்லூ ஸ்திரீட். ஜான்சி ராணிப் படையின் முதல் பயிற்சி முகாம் 1943 அக்டோபரில் தொடங்கியது அந்தத் தெருவில்தான். இன்று அங்கே ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. பக்கத்திலேயே சீனர்களின் கோயில். சீனப் பாட்டிமார்கள் நம் கிருஷ்ணனுக்கும் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உங்கள் மூத்த பையனிடம் சொல்லுங்கள்: அவனைவிட இரண்டு மூன்று வயதே மூத்த தோட்டத்துப் பெண்கள் இந்தத் தெருவில் துப்பாக்கி தூக்கிக் கவாத்து பழகினார்கள் என்று.

அப்படியே தெற்கே நடந்தால் வெள்ளை வெளேரென்று செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1856-இல் கட்டத் தொடங்கி 1862-இல் அர்ச்சிப்பு நடந்த கட்டடம். வெள்ளைக்காரர் கோயில்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். சுவரில் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவும் வெல்லமும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த கலவை. பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நம்மூர்ச் செட்டிநாட்டு வீடுகளின் சுவர் பளபளக்கும் என்று தாத்தாமார்கள் சொல்வார்களே, அதன் உறவுதான் இது. என் மகள் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்து, “அம்மா, இதுல முட்டை இருக்கா?” என்று கேட்டாள். அதற்கப்புறம் வழியில் பார்த்த வெள்ளைச் சுவருக்கெல்லாம் அதே கேள்விதான்.

தேவாலயத்தைத் தாண்டினால் பாடாங் திடல். அதன் ஓரத்தில் தூண் வரிசையோடு நிற்கும் பழைய நகர மண்டபம், இப்போது தேசியக் கலைக்கூடம். அந்தப் படிகளுக்கு எதிரேதான் நேதாஜி நின்றார். 1945 செப்டம்பர் 12-இல் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டதும் அந்தக் கட்டடத்திலேதான். இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே திடலில் இரண்டு காட்சி!

திடலுக்கு எதிர்ப்புறம், கோனாட் டிரைவ் சாலை ஓரம் எஸ்பிளனேட் பூங்கா. அங்கே உயரமாக நிற்பது முதல் உலகப் போருக்கு எழுப்பிய வெள்ளைக்கார நினைவுத் தூண். 1922-இல் திறக்கப்பட்டது. பின்னாளில் இரண்டாம் போருக்காக அதில் சேர்த்த வாசகம் நான்கு மொழிகளில் இருக்கிறது, தமிழும் உண்டு. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அதே பூங்காவில்தான் நாம் தேடி வந்த அடையாளம் நிற்கிறது. சிறியது. கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். நாங்களே ஒரு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம். மாலை ஓட்டம் ஓடுகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று செருப்புக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எனக்கே அப்போதுதானே தெரிந்தது.

நான் கொஞ்ச நேரம் நின்றேன். பூ கொண்டுபோக மறந்துவிட்டேன். பையிலிருந்த சாமந்தியைக் கிருஷ்ணன் கோயிலிலேயே கொடுத்திருந்தேன். மகள் வழியில் பொறுக்கி வைத்திருந்த புங்கைப் பூவோ என்னவோ, அதை எடுத்து வைத்தாள்.

அங்கிருந்து 2015-இல் திறந்த நடைபாலத்தின் வழியாக ஐந்து பத்து நிமிடம் நடந்தால் உங்கள் மகனின் சிங்கம். அந்த ஆற்று வாயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு காலத்தில் பெரிய பாறை ஒன்று, ஆள் உயரத்தைவிடப் பெரிதாக, முழுக்க எழுத்துப் பொறித்து நின்றது. என்ன எழுத்து என்று இன்றுவரை யாரும் உறுதியாகப் படிக்கவில்லை. 1843-இல் வெள்ளைக்கார அதிகாரிகள் அதையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. பழைய எழுத்துக் கல்லை உடைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுச் சிங்கம், அதைப் பார்க்க உலகமே வருகிறது. எனக்கு இதில் கோபம் இல்லை. ஆனால், சிங்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தபோது இந்த நினைப்பும் வராமல் போகவில்லை.

நேரமிருந்தால் ஆற்றின் இக்கரையில், விக்டோரியா அரங்கத்தின் அருகே இருக்கும் டல்ஹவுசி கூர்ங்கோபுரத்தையும் பாருங்கள். 1850-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் வந்துபோனதற்காக வைத்தது. அவரை விடுங்கள், அதில் பொறித்திருக்கும் நான்கு மொழிகளில் ஒன்று தமிழ். நூற்றெழுபது ஆண்டுக்கும் முந்திய பழைய தமிழ் எழுத்தை உங்கள் பிள்ளைகள் தடுமாறித் தடுமாறிப் படிக்கட்டும். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியது வீண் போகவில்லை என்று உங்களுக்கும் ஒரு நிறைவு வரும். (ஆசிரியை எழுதினால் இப்படித்தான் இருக்கும், மன்னியுங்கள்.)

திரும்பி வந்து பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பேரு எழுதியிருக்காங்களா?”

“இல்லை பாட்டி. பேர் தெரியாத வீரர்களுக்காகத்தான் அந்தக் கல்லை வைத்தாராம்.”

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பேரு தெரியாதவங்களுக்குன்னா, எங்க அண்ணனுக்குந்தான்” என்றார். பேத்தியைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

சரி, சகோதரி. உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த ஆண்டே போயாக வேண்டும் என்பதில்லை. 800 வெள்ளியை ஒரே மாதத்தில் புரட்டிக் கடன் பட வேண்டாம். மாதம் ஒரு கடப்பிதழ் என்று எடுங்கள். ஐந்து மாதத்தில் ஐந்தும் ஆகிவிடும். பெரியவனுக்கு முதலில் எடுத்துவிடாதீர்கள், ஐந்து ஆண்டுக் கெடு அவனுக்கு முதலில் ஓடத் தொடங்கும். எல்லாருக்கும் கெடு ஒன்றாக முடிய வேண்டுமானால், பணத்தை உண்டியலில் சேர்த்து வைத்து ஒரே நாளில் எடுப்பது இன்னும் நல்லது. கடைக்குட்டிக்கு அந்த உண்டியலைக் கொடுத்துவிடுங்கள். அடம்பிடித்தவன்தானே, அவனே காவல் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். அது இலவசம். “நான் செய்து தருகிறேன், ஆளுக்குப் பத்து வெள்ளி” என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். மூத்த பையனே செய்துவிடுவான், இல்லாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். பாலத்தின் இரு முனையிலும் பஸ்ஸைவிட்டு இறங்கிச் சோதனை முடித்து மறுபடி ஏற வேண்டும். சாமான்களை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்காதீர்கள், அதே வண்டி காத்திருக்காது. சூயிங்கம் ஏதும் பையில் வேண்டாம். எலுமிச்சைச் சோறோ புளிச்சோறோ கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று.

பள்ளி விடுமுறையில் சனி, ஞாயிறு போகவே போகாதீர்கள். பாலத்தில் மணிக்கணக்காக நிற்க நேரும், பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள். விடுமுறையில் ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். ஒரு நாள் கூலி போகும், அதையும் உண்டியல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு முன்னால் திரும்பக் கிளம்பிவிடுங்கள். அதற்குப் பிறகு அங்கே வேலை செய்யும் நம் ஜொகூர்ப் பிள்ளைகள் அனைவரும் வீடு திரும்பும் நேரம். அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டால் பெரட்டுக்கு விடிகாலையில் எழ முடியாது.

கோயிலிலிருந்து வரும்போது கொஞ்சம் பூவை மறக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்ததுபோல நீங்களும் மறந்துவிடாதீர்கள்.

இதர கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். குளுவாங்கிலிருந்து இருவர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், இடைநிலைப்பள்ளியில் தமிழைப் பாடமாக எடுக்கலாமா வேண்டாமா என்று. அதற்கு ஒரு பக்கம் போதாது.